பவர் பிஐ ரிப்போர்ட்ல வேண்டாத பேஜ் எல்லாம் எப்படி தூக்குறது?

கேள்வி:
எனக்கு முன்னாடி இருந்தவர் பவர் பிஐல (மைக்ரோசாஃப்ட்டோட டேட்டா ரிப்போர்ட் டூல்) விட்டுட்டுப் போன ரிப்போர்ட், மொத்தம் 23 பேஜ், பாதிக்கு மேல டெஸ்ட், காப்பி 2னுதான் பேரு. ஃபைல் வேற ஓப்பன் ஆகவே நேரம் எடுக்குது. அப்படியே டெலீட் பண்ணிடலாமா, இல்ல ஹைட் பண்ணா போதுமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க, முதல்ல பிபிஐஎக்ஸ் ஃபைலை (ரிப்போர்ட் சேவ் ஆகுற ஃபைல்) ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. ஹைட் ஆகியிருக்குற பேஜ் எல்லாம் வேஸ்ட்னு நினைச்சு நானும் ஒரு தடவை தூக்கிட்டேன், அதுல ஒண்ணு டூல்டிப் பேஜ் (சார்ட் மேல மவுஸ் வச்சா குட்டியா வர்றது), இன்னொண்ணு ட்ரில்த்ரூ (ரைட் கிளிக் பண்ணி விவரம் பாக்கப் போற பேஜ்), அப்புறம் மெயின் பேஜ்ல ரைட் கிளிக் பண்ணா ஒண்ணுமே வரல, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன் 😅 புக்மார்க், பட்டன் எதாவது அந்தப் பேஜுக்குப் போகுதான்னும் பாத்துடுங்க.

பதில் 2:
பவர் பிஐ சர்வீஸ்ல (ரிப்போர்ட்டை பப்ளிஷ் பண்ற வெப்சைட்) யூசேஜ் மெட்ரிக்ஸ் பாருங்க, எந்தப் பேஜை யார் பாக்குறாங்கன்னு தெரிஞ்சுடும். ஒரு மாசம் ஹைட் பண்ணி வைங்க, யாரும் கேக்கலன்னா டெலீட். ஆனா ஹைட் பண்றது செக்யூரிட்டி இல்ல, டேட்டா உள்ளதான் இருக்கும்.

பதில் 3:
பேஜை தூக்குனா ஃபைல் சைஸ் பெருசா குறையாதுங்க. வெயிட் எல்லாம் டேட்டா மாடல்ல, அதாவது உள்ள ஏத்தி வச்சிருக்குற டேபிள்கள்ல. யூஸ் ஆகாத காலம் (column), டேபிளை பவர் குவெரில (டேட்டாவை ஏத்துறதுக்கு முன்னாடி சீர் பண்ற இடம்) தூக்கிப் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
அட, டூல்டிப் பேஜ் 3 இருக்கு, நல்லவேளை கைவைக்கல. நன்றிங்க!