ரொசாரியோ புளோரஸ்: குடும்பப் பெயரா, சொந்தக் குரலா?

கயல் (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து, தோட்டம் துண்டாடப்பட்டபின் பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா தோட்டத்து மாரியம்மன் கோவிலில் உருமி வாசித்தவர். அப்பா திருமணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் இசைக்குழு நடத்துகிறார், அண்ணன் கீபோர்டு வாசிக்கிறார், நான் பாடுகிறேன். எனக்கு 27 வயதாகிறது. இன்றுவரை எந்த மேடையிலும் என் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவருடைய மகள் என்றுதான் அறிவிக்கிறார்கள்.

‘லா காசா தே பாப்பெல்’ என்ற ஸ்பானியத் தொலைக்காட்சித் தொடரில் நைரோபியாக நடித்த ஆல்பா புளோரஸைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் அவருடைய அத்தையான ஸ்பெயின் நாட்டுப் பாடகி ரொசாரியோ புளோரஸ் எனக்கு அறிமுகமானார். நாடறிந்த தாய், நாடறிந்த தந்தை, பாடகியான அக்காள், பாடலாசிரியரான அண்ணன் என்று எல்லோரும் இருந்தும், அவருடைய பெயரை நிலைநிறுத்திய ‘தே லே’ என்ற இசைத்தொகுப்பு 1992இல்தான், அவருக்கு 28 வயது இருக்கும்போதுதான் வெளிவந்திருக்கிறது. அந்தத் தாமதத்துக்குக் குடும்பத்தின் நிழல்தான் காரணமா? அவர் அந்த நிழலிலிருந்து எப்படி வெளியே வந்தார்? அவருடைய பாடல்களை நன்கு கேட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய ஒலிநாடா (ஈப்போ) எழுதியது:

கயல், நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய் அம்மா. அந்தக் குடும்பத்தின் இசையை நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன், ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாய் லோலா புளோரஸ் 1923இல் தென் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் பிறந்தவர். பாட்டு, நடனம், திரைப்படம் மூன்றிலும் கோலோச்சியதால் அவரை ‘லா ஃபரவோனா’, அதாவது பெண் பாரவோன் (பண்டைய எகிப்தின் அரசி), என்றே மக்கள் அழைத்தார்கள். தந்தை அன்டோனியோ கொன்சாலெஸ் பார்சலோனாவின் கிராசியா பகுதியைச் சேர்ந்த ஜிப்ஸி இனத்துக் கித்தார் கலைஞர். ‘எல் பெஸ்காயீயா’ என்பது அவருடைய பட்டப்பெயர். கத்தலான் ரும்பா என்ற இசைவகையை உருவாக்கிய முன்னோடிகளில் ஒருவராக அவரைப் போற்றுகிறார்கள். 1957இல் திருமணம் செய்துகொண்ட இவர்களுக்கு லொலீத்தா, அன்டோனியோ, ரொசாரியோ என மூன்று பிள்ளைகள். ரொசாரியோ 1963இல் பிறந்த கடைக்குட்டி.

தாயின் சிறப்பு அவர் பாடிய கோப்லா என்ற ஸ்பானியப் பாடல்வகையில் இருந்தது. ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் மூன்று நான்கு நிமிடங்களில் நடித்துக்காட்டும் நாடகத்தன்மை அந்தப் பாடல்களுக்கு உண்டு. குரல் மட்டும் இருந்தால் போதாது, கண்ணும் கையும் சேர்ந்து பாட வேண்டும். ரொசாரியோ அந்த வழியில் போகவில்லை. தந்தையின் ரும்பாத் தாளத்தை எடுத்துக்கொண்டு, அதனோடு பாப், ராக், ஃபங்க் ஆகியவற்றைக் கலந்து பாடினார். தாயோடு ஒப்பிடுவதற்கு இடமே கொடுக்காத ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தார் என்றே நான் கருதுகிறேன். அதே வேளையில் அந்தப் பாதைக்கான கருவிகள் அனைத்தும் அவர் வீட்டிலேயே இருந்தன என்பதையும் நீ கவனிக்க வேண்டும். ‘தே லே’ தொகுப்பின் ‘மீ காத்தோ’ போன்ற பாடல்களை எழுதியவர் அண்ணன் அன்டோனியோதான். தங்கையின் குரல் எங்கே ஏறும், எங்கே தழுதழுக்கும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் எழுதிய பாட்டுகள் அவை.

தாமதம் என்று நீ சொல்லும் ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. படங்களிலும் தொலைக்காட்சியிலும் நடித்துக்கொண்டிருந்தார். 1994இல் ‘சியென்டோ’ வந்தது. அடுத்த ஆண்டு அந்தக் குடும்பத்துக்குப் பேரிடி விழுந்தது. 1995 மே 16 அன்று லோலா காலமானார். இரண்டு வாரம் கழித்து, மே 30 அன்று, அண்ணன் அன்டோனியோவும் 33 வயதில் இறந்துபோனார். தாயையும், தனக்குப் பாட்டெழுதிய அண்ணனையும் ஒரே மாதத்தில் பறிகொடுத்த ரொசாரியோ, மறு ஆண்டே வெளியிட்ட தொகுப்புக்கு ‘மூச்சோ போர் பிபிர்’ என்று பெயரிட்டார். இன்னும் வாழ வேண்டியது நிறைய இருக்கிறது என்பது அதன் பொருள். அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்கிறது.

மல்லிகா அக்காள் (பீடோர்) எழுதியது:

ஐயா எழுதியதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடே. ஆனால் ரொசாரியோவை நிழலில் வாடிய செடியாக நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது, தங்கச்சி. லோலா புளோரஸின் மகளுக்கு ஸ்பெயினில் எந்தக் கதவும் தட்டாமலேயே திறந்திருக்கும். அக்காள் லொலீத்தாவைப் பார். 1975இல், 17 வயதிலேயே, ‘அமோர், அமோர்’ பாடலால் நாடெங்கும் அறியப்பட்டவர். ஆகவே நிழல்தான் தாமதப்படுத்தியது என்றால், அது அக்காளை ஏன் தாமதப்படுத்தவில்லை என்ற கேள்வி எழுகிறது. ஒரே வீட்டில் பிறந்தாலும் ஒவ்வொருவருக்கும் காலம் வேறு. அந்த லொலீத்தாவே நடிகையாக மதிக்கப்படுவதற்கு வெகுகாலம் காத்திருந்தார். ‘ரென்கோர்’ படத்துக்காகச் சிறந்த புதுமுக நடிகைக்கான கோயா விருதை (ஸ்பெயினின் திரைப்பட விருது) 2003இல் பெற்றபோது அவருக்கு வயது 44.

எனக்கு ரொசாரியோவின் வாழ்க்கையில் மிகவும் முக்கியமாகப் படுவது, பெட்ரோ அல்மொடோவார் இயக்கி 2002இல் வெளிவந்த ‘ஆப்ளே கோன் எயா’ படம். அதில் அவர் ஏற்றது பாடகி வேடமன்று. லிடியா என்ற காளைப்போர் வீராங்கனையாக வருகிறார். காளை முட்டிச் சாய்த்தபின் நினைவு திரும்பாமல் மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறார். குரலால் பேர் வாங்கிய ஒருத்தி, அந்தக் காட்சிகளில் குரலே இல்லாமல் முகத்தாலும் உடலாலும் மட்டும் ஒரு பாத்திரத்தை நிற்கவைக்க வேண்டியிருந்தது. அப்படத்தின் திரைக்கதைக்காக அல்மொடோவார் ஆஸ்கார் விருது பெற்றார். அந்தப் படத்தில் நான் பார்த்தது லோலாவின் மகளை அன்று, லிடியாவைத்தான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். ‘மூச்சாஸ் புளோரஸ்’ என்று ஒரு தொகுப்பை 2001இல் வெளியிட்டார். புளோரஸ் என்றால் பூக்கள். அது அவர்களுடைய குடும்பப் பெயரும்கூட. பெயரை மறைத்தோ மாற்றியோ பாடவில்லை, அதையே தலைப்பாக வைத்துப் பாடினார். அந்தத் தொகுப்புக்குத்தான் 2002இல் சிறந்த பெண் பாப் தொகுப்புக்கான லத்தீன் கிராமி கிடைத்தது. ‘தே மில் கோலோரெஸ்’ தொகுப்புக்காக 2004இல் அதே விருதை மறுபடியும் பெற்றார்.

உருமிக்காரன் (பாகான் செராய்) எழுதியது:

தாளத்தைப் பற்றி ஒரு சொல் மட்டும். கத்தலான் ரும்பாவில் ‘வென்டிலடோர்’ என்று ஒரு வாசிப்பு முறை உண்டு; மின்விசிறி என்று பொருள். வலக்கை கித்தாரின் நரம்புகளை மேலும் கீழுமாக மீட்டிக்கொண்டே, இடையிடையே உள்ளங்கையால் கித்தாரின் உடம்பையும் தட்டும். ஒரே கருவி நரம்பிசையாகவும் தோல்கருவிபோலவும் ஒலிக்கும். கயல் அக்காள், உங்கள் தாத்தா உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து, மறுமுகத்தை அடித்து வாசித்திருப்பார் அல்லவா? தேய்ப்பும் அடியும் சேர்ந்துதான் அதன் உறுமல். ரொசாரியோவின் ‘சபோர், சபோர்’ பாடலைக் காதில் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு ஒருமுறை தாளத்துக்காக மட்டும் கேளுங்கள். தந்தையின் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கயல் (சுங்கை சிப்புட்) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு ‘சபோர், சபோர்’ பாடலை நான்கு முறை கேட்டேன். தம்பி சொன்ன தட்டு எனக்குப் பிடிபட்டது. மல்லிகா அக்காள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அப்பாவின் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்கலாம் என்றிருந்தேன். இனி அதைக் கேட்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக, சித்திரைத் திருவிழாவில் பிறருடைய திரைப்பாடல்களுக்கு நடுவே எங்கள் பாட்டு ஒன்றையும் பாட இடம் கேட்டிருக்கிறேன். அண்ணன் மெட்டமைத்து வைத்து இரண்டு ஆண்டுகளாகச் சொல் வராமல் கிடந்த பாட்டு அது. தாத்தாவின் உருமி இன்னும் வீட்டில் இருக்கிறது, ஆனால் ஒரு முகத்தின் தோல் கிழிந்திருக்கிறது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் பாகான் செராய் பக்கம் இருந்தால், தம்பி, தயவுசெய்து எழுதுங்கள்.