மறு: ‘பிரகன்சா கடமை’க்குத் தமிழ் என்ன?

> பேசாமல் ‘பகுத்தறிவுக் கடமை’ என்றே வைத்துவிடலாமே?

வணக்கம். வைக்கலாம்தான். ஆனால் சென்னையில் யாரிடம் சொன்னாலும் கறுப்புச் சட்டைதான் ஞாபகம் வரும்!

‘பிரகன்சா கடமை’ என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குத் தமிழ் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர், கப்பலுக்குப் போய் இறந்துபோன கணவரின் ஓய்வூதியம் பற்றி லண்டன் சட்டத்தரணி எழுதிய கடிதத்தைத் தமிழில் தரச் சொன்னார். அதில் மூன்று இடத்தில் ‘பிரகன்சா’. ஏதோ துறைமுகத்தின் பெயராக்கும் என்று அக்கா நினைத்திருந்தார்.

அது ஒரு வழக்கின் பெயர். 2009 மே மாதம், அத்திலாந்திக் நடுக்கடலில், எண்ணெய்க் கப்பலொன்றின் தலைமைப் பொறியியலாளர் காணாமற்போனார். வேண்டுமென்றே செய்த செயலால் மரணம் நேர்ந்தது என்பது கம்பனியின் அபிப்பிராயமானால் இழப்பீடு இல்லை என்பது ஒப்பந்தம். தற்கொலை என்று கம்பனி முடிவுகட்டியது. 2015இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு, உச்ச நீதிமன்றம்) மூன்றுக்கு இரண்டு என்று மனைவியின் பக்கம் தீர்த்தது. நல்லெண்ணத்தோடு முடிவெடுத்தால் மட்டும் போதாது. பொருத்தமானதைக் கணக்கில் எடுத்து, பொருந்தாததைத் தள்ளி, நியாயமான எவரும் எடுக்கமாட்டாத முடிவாகவும் இல்லாமல் பார்க்கவேண்டும். இதுதான் ‘பிரகன்சா கடமை’. அரச அமைப்புகளை அளக்க 1947இல் ஒரு சினிமாக் கொட்டகை வழக்கில் பிறந்த கோல், கம்பனிக்காரரையும் அளக்க வந்துவிட்டது.

வழக்கு ஓய்வூதியம் பற்றியதே அல்ல. ஆனாலும் ஓய்வூதியச் சட்டத்தரணிகள் அதை விடுவதாயில்லை. அவர்களுடைய திட்டங்களிலும் தொழில்தருநரின் தற்றுணிபுக்கு (தாமே தீர்மானிக்கும் அதிகாரத்துக்கு) விட்டவை நிறைய. 2017இல் ஐபிஎம் ஓய்வூதிய வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இதே கோலைத்தான் எடுத்தது.

ஆகவே ‘நேர்மைக் கடமை’ சரிவராது. நேர்மை மட்டும் போதாது என்பதுதானே தீர்ப்பே. ‘நியாயக் கடமை’ என்றால் நீதிமன்றமே புதிதாக நியாயம் சொல்லும் என்று படும். என் தெரிவு: ‘சீர்தூக்கும் கடமை’. தராசு முடிவெடுப்பவரின் கையிலேயே இருக்கிறது. எதை வைத்தார், எதை வைக்காமல் விட்டார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

—

> முடிவே அபத்தமாக இருந்தால்? உங்கள் தராசில் அது வராதே, ஐயா.

பிடித்துவிட்டீர்கள், தம்பி. அந்த இரண்டாம் பாதி சொல்லுக்குள் வராது. ‘நெறிப்படச் சீர்தூக்கும் கடமை’ என்று நீட்டிப் பார்த்தேன், வாய்க்குள் நிற்கவில்லை. குட்டையான சொல்லை வைத்து, முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கம் போடுவோம். ‘தற்றுணிபு’ கூட அப்படித்தானே இங்கே பழகியது? நீங்கள் அங்கே ‘விருப்புரிமை’ என்பீர்கள். அக்காவுக்கு அது விருப்பம்போல் செய்யும் உரிமை என்றே கேட்கும், அதனால் அதைத் தொடவில்லை.

வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள். சனிக்கிழமை காலையில் கடிதம் வாங்க அவர் வருகிறார்.