ஸ்பானிஷில் உறவுமுறை சொல்வது: கொங்கு வீட்டுக் கணக்கில் படித்தவர்களின் அனுபவப் பகிர்வு

கோவை, ஸ்பானிஷ் ஆசிரியை:

இங்கிலீஷ் வழியாகப் போகாதீங்க. ‘கசின்’ என்று மனசில் வைத்துக்கொண்டால் பேசும்போது வாய் தடுமாறும். ஸ்பானிஷில் ஆண் என்றால் ப்ரீமோ, பெண் என்றால் ப்ரீமா. ஒரு தாளில் நம் வீட்டு ஆட்களை வரிசையாக எழுதுங்க: அப்பாரு (அப்பாவோட அப்பா), அப்புச்சி (அம்மாவோட அப்பா), அம்முச்சி (அம்மாவோட அம்மா), பெரியப்பா, மாமன், அத்தை, நங்கையா (அண்ணி). ஒவ்வொருவருக்கும் நேராக ஸ்பானிஷ் சொல்லை எழுதிக்கிட்டே வாங்க. எங்கே ரெண்டு மூணு உறவுமுறை ஒரே சொல்லில் அடங்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

அப்பாரும் அபுவெலோ, அப்புச்சியும் அபுவெலோ. பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் அப்பா வழிக்கு ‘பதெர்னோ’, அம்மா வழிக்கு ‘மதெர்னோ’ சேர்க்கணும். பெரியப்பா, சித்தப்பா, மாமன் மூவருமே தீயோ. பெரியப்பாவைத்தான் சொல்கிறோம் என்று காட்ட ‘எல் எர்மானோ மயோர் தெ மி பாத்ரே’, அதாவது அப்பாவோட மூத்த சகோதரர் என்று விரிக்கணும். அண்ணனும் தம்பியும் எர்மானோதான். மயோர் போட்டால் மூத்தவர், மெனோர் போட்டால் இளையவர். நம்ம ஆளுங்க வாக்கியத்துக்கு வாக்கியம் மயோர், மெனோர் போட்டுடறாங்க. அது வேண்டாம். யார் மூத்தவர் என்பது பேச்சுக்குத் தேவைப்பட்டால் மட்டும் போதும்.

பங்காளி வீட்டு அண்ணனும் ப்ரீமோ, மாமன் மகனும் ப்ரீமோ. முறை இருக்கா இல்லையா என்பதை அந்தச் சொல் காட்டவே காட்டாது. கல்யாணப் பேச்சு வந்தால் விளக்கித்தான் ஆகணும்.

திருப்பூர், ஏற்றுமதி மெர்ச்சண்டைசர்:

அந்தத் தாளில் சம்பந்தியையும் சகலையையும் விட்டுடாதீங்க. இங்கிலீஷில் திண்டாடுகிற இடம் இது; ஸ்பானிஷில் தனிச்சொல்லே இருக்கு. சம்பந்தி கொன்சுவெக்ரோ, சம்பந்தியம்மா கொன்சுவெக்ரா. சகலை கொன்குஞாதோ, மெக்சிகோ பக்கம் கொன்கூஞோ. ஓரகத்திக்கு கொன்குஞாதா. மச்சான், கொழுந்தன் எல்லாம் குஞாதோ.

பையரோடு (நம்மகிட்ட சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரர்) சாப்பிட உட்கார்ந்தால் குடும்பப் பேச்சு வரும். ‘தியேனெஸ் ஈஹோஸ்?’ என்று கேட்டால் ஆண் பிள்ளை இருக்கான்னு கேட்கிறதா நினைச்சு, பொண்ணு மட்டும் இருக்கிறவங்க ‘இல்லை’ன்னு சொல்லிடறாங்க. அது பொதுவாக ‘பிள்ளைங்க இருக்காங்களா’ என்கிற கேள்வி. ரெண்டும் பொண்ணுன்னா ‘சீ, தோஸ் ஈஹாஸ்’. அதே மாதிரி பாத்ரெஸ் என்றால் அப்பா அம்மா ரெண்டு பேரும். பரியேந்தெஸ் என்பது ‘பேரன்ட்ஸ்’ மாதிரி காதில் விழும், ஆனால் அது ஒரம்பரை, சொந்தக்காரங்க.

மெக்சிகோக்காரர்களிடம் ‘து மாத்ரே’ (உன் அம்மா) என்று சொல்லாமல் ‘து மமா’ என்றே சொல்லுங்க. மாத்ரே அங்கே பல வசவுகளில் வருகிற சொல்.

ஈரோடு உறுப்பினர்:

உச்சரிப்பைச் சேர்க்கிறேன். தீயோவில் வருவது ‘தம்பி’யில் உள்ள த. பாத்ரேயிலும் குஞாதோவிலும் வருவது ‘அது’ என்னும்போது வரும் மெல்லிய த. இரண்டும் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கு. இங்கிலீஷ் பழக்கத்தில் ‘பாட்ரே’ என்று ட போட்டால்தான் கெட்டுப்போகும். n மேல் நெளிகோடு போட்ட ñ எழுத்து நம்ம ஞ. ஆஞோ என்றால் வருஷம். ஞ-வை ன ஆக்கி ‘ஆனோ’ என்றால் ஆசனவாய். வயசு சொல்லும்போது இதில் கவனம் வேணும். பப்பா (அப்பா) என்பதில் கடைசி அசையை அழுத்தணும். முதல் அசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு.

பொள்ளாச்சி உறுப்பினர்:

‘என் தம்பிக்கு இருபது வயசு’ என்பதை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே தம்பி வயசை ‘வைத்திருக்கிறான்’: ‘மி எர்மானோ தியேனே பெயின்தெ ஆஞோஸ்’.

ஆளைக் குறிக்கிற சொல்லுக்கு முன்னால் ‘அ’ என்கிற சின்னச் சொல்லை எப்போது போடுவது என்று எல்லாரும் குழம்புகிறார்கள். தமிழில் ஐ வருதான்னு பாருங்க, பெரும்பாலும் சரியாக அமையும். ‘அம்முச்சியைப் பார்க்கப் போறேன்’, ஐ இருக்கு: ‘பிசீதோ அ மி அபுவெலா’. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கான்’, ஐ இல்லை: ‘தெங்கோ உன் எர்மானோ’, அ வராது.

அதைவிட அடிக்கடி நடப்பது மரியாதைப் பன்மை. ‘அப்பா வர்றாங்க’ என்கிற வாய், ‘மி பாத்ரே பியேனென்’ என்று பன்மை வினையைப் போட்டுவிடும். அப்பா ஒருத்தர்தான், அதனால் ‘பியேனே’. மரியாதை குறைவதாக அவர்கள் நினைப்பதில்லை. ‘அவங்க அண்ணன்’ என்பதும் ‘சு எர்மானோ’தான். அண்ணன்மார் இரண்டு மூன்று பேர் இருந்து எல்லாரையும் சேர்த்துச் சொன்னால்தான் ‘சுஸ் எர்மானோஸ்’. சு என்றால் அவனுடைய, அவளுடைய, உங்களுடைய எல்லாமே ஆகும். குழப்பம் வந்தால் பின்னால் ‘தெ எல்’ (அவனோட) அல்லது ‘தெ எயா’ (அவளோட) சேர்த்துடுங்க.

நாமக்கல் உறுப்பினர்:

பெயரைப் பார்த்தே உறவு கண்டுபிடிக்கலாம். ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர். அப்பா கார்சியா பெரெஸ், அம்மா லோபெஸ் ரூயிஸ் என்றால் பிள்ளை வழக்கமாக கார்சியா லோபெஸ். பெற்றோர் ஒத்துக்கொண்டால் அம்மா பெயரை முன்னால் வைக்க 1999இல் சட்டம் வந்தது. கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. அதனால் கணவன், மனைவி, பிள்ளை மூன்று பேருக்கும் மூன்று விதமாக இருப்பது சாதாரணம். பையரின் மனைவிக்கு வாழ்த்து அட்டை எழுதும்போது கணவர் பெயரைச் சேர்த்து எழுதாமல் அவங்க பெயரைக் கேட்டு எழுதுங்க.