புள்ளியை மாற்ற ரெஜெக்ஸ் எதற்கு?

அரைப்புள்ளி: ஜாவாஸ்கிரிப்டில் '12.05.2024' என்ற ஸ்டிரிங்கில் புள்ளிகளை ஹைபனாக மாற்ற வேண்டும். ரீப்ளேஸில் '.' கொடுத்தால் முதல் புள்ளி மட்டும் மாறுகிறது. ரெஜெக்ஸாக (தேட வேண்டிய எழுத்து அமைப்பைக் குறிகளால் சொல்லும் முறை) /./ கொடுத்து, எல்லா இடத்திலும் மாற்றச் சொல்லும் ஜி ஃபிளாக் சேர்த்தால் பத்து எழுத்தும் ஹைபன்!

கோடாங்கி: ரெஜெக்ஸில் புள்ளி என்றால் வரிமுறிவு தவிர எந்த எழுத்தும் என்று அர்த்தம். இந்தத் தலைவலியே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டின் 2021 பதிப்பிலேயே, எல்லா இடத்திலும் மாற்றும் ரீப்ளேஸ்ஆல் வந்துவிட்டது. அதில் '.' கொடுங்கள், முடிந்தது.

வால்நட்சத்திரம்: /\./ என்று ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு, ஜி-யை அப்படியே விட்டாலும் தீர்ந்தது. நாளை புள்ளி, ஸ்லாஷ், இடைவெளி மூன்றும் கலந்து வந்தால் ரீப்ளேஸ்ஆலை மூன்று முறை கோர்ப்பீர்களா? /[./ ]+/g ஒன்றே போதுமே.

கோடாங்கி: கோர்ப்பேன். ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் புரியும். தேடும் சொல்லைப் பயனரே தட்டச்சு செய்யும் இடத்தில் அவர் '(' ஒன்றை அடித்தால் உங்கள் ரெஜெக்ஸ் என்ன ஆகும்? உருவாகும்போதே சின்டாக்ஸ்எரர்.

வால்நட்சத்திரம்: அந்தக் குறியை எஸ்கேப் செய்யாமல், அதாவது பேக்ஸ்லாஷ் போட்டு வெறும் எழுத்தாக்காமல், விட்டால்தானே? அதற்கும் 2025 பதிப்பில் ரெஜெக்ஸ்ப்.எஸ்கேப் உண்டு. ரீப்ளேஸ்ஆலும் அப்பாவி இல்லை. மாற்றாகக் கொடுக்கும் ஸ்டிரிங்கில் '$&' இருந்தால் அங்கே தேடிய சொல்லே வந்து உட்காரும். '$$' வெறும் '$' ஆகிவிடும்.

கோடாங்கி: சரி, அது உண்மைதான். ஸ்டிரிங்குக்குப் பதில் அதைத் திருப்பித் தரும் ஃபங்ஷனைக் கொடுத்தால் அந்த வம்பு இல்லை. எனக்குப் பயம், ஆட்கள் யோசிக்காமல் காப்பியடிக்கும் ரெஜெக்ஸ்தான். 'சிறப்புக் குறிகளை நீக்கு' என்று சுற்றும் அந்த வரியைத் தமிழில் ஓட்டிப் பாருங்கள். அதில் வரும் \டபிள்யூ-வுக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே தெரியும். தமிழ் மொத்தமும் காலி.

வால்நட்சத்திரம்: யூ ஃபிளாக் போட்டு, எல்லா மொழிகளுக்குமான குறியீட்டு முறையான யூனிகோடின் 'எழுத்து' வகையைப் பயன்படுத்தலாமே.

இடைவெளி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அது மட்டும் போதாது. 'மி' என்பது 'ம'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடு. 'குறி' வகையையும் விட்டுவைக்காவிட்டால் 'தமிழ்' 'தமழ' ஆகும்.

கோடாங்கி: பார்த்தீர்களா, ரெஜெக்ஸ் வேண்டும் என்பவருக்கே இது தெரியவில்லை.

வால்நட்சத்திரம்: இந்த வேலையை ரீப்ளேஸ்ஆலில் செய்து காட்டுங்களேன், பார்ப்போம். நீக்க வேண்டிய குறிகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவீர்களா?

அரைப்புள்ளி: என் தேதிக்கு ரீப்ளேஸ்ஆலே போதும். ஆனால் அதில் ஜி இல்லாத ரெஜெக்ஸைக் கொடுத்தால் டைப்எரர் வருகிறதே?

இடைவெளி: வரத்தான் செய்யும், ரீப்ளேஸ்ஆலில் ரெஜெக்ஸுக்கு ஜி கட்டாயம். முதல் ஒன்றை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போவதற்கு இது எவ்வளவோ மேல்.