மறு: கார்பஸ் லூட்டியம்: மஞ்சட்சுரப்பியா, மஞ்சட்கணுவா?

வணக்கம் நண்பர்களே,

முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் உருவாகும் மஞ்சள் திரட்சியான கார்பஸ் லூட்டியத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது. வந்த ஒரு யோசனை:

> மஞ்சட்சுரப்பி என்று வைத்துவிடலாமே. சுரப்பதுதானே அதன் வேலை?

சுரப்பது உண்மைதான், ஐயா. ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பி உமிழ்நீரைச் சுரக்கிறது, வியர்வைச் சுரப்பி வியர்வையை. அந்தப் பழக்கத்தில் மஞ்சட்சுரப்பி என்றால், மஞ்சளாக எதையோ சுரப்பது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். இது சுரப்பதில் முக்கியமானது, கர்ப்பத்தைத் தாங்கும் இயக்குநீரான (ஹார்மோன்) புரோஜெஸ்டிரோன். மஞ்சள் அதன் நிறம் மட்டுமே.

பெயருக்கு முன் பொருளைப் பார்த்துவிடுவோம். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் சினைப்பையிலுள்ள நுண்ணறை வெடித்து முட்டை வெளியேறுகிறது. காலியான அறை வீணாகப் போவதில்லை. சுவர் உள்நோக்கி மடிகிறது, நடுவில் கொஞ்சம் இரத்தம் உறைகிறது. சுவரின் செல்கள் பருத்து, கொழுப்புத் துளிகளையும் மஞ்சள் நிறமியையும் சேர்த்துக்கொள்கின்றன. புதிய இரத்தக் குழாய்கள் உள்ளே புகுகின்றன. சில நாட்களில் ஏறக்குறைய 2 செ.மீ. அளவில் ஒரு திரட்சி. 17ஆம் நூற்றாண்டில் மால்பீகி இலத்தீனில் 'மஞ்சள் உடல்' என்று பெயரிட்டது இதைத்தான்.

ஆயுள் சுமார் 14 நாள். கரு பதிந்தால், அதைச் சூழ்ந்த செல்கள் அனுப்பும் எச்சிஜி (hCG) என்ற இயக்குநீர் இதைக் காப்பாற்றும். நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை, அதாவது 8–10 வாரம்வரை, கர்ப்பம் நிலைப்பதே இதனால்தான். கரு பதியாவிட்டால் இது சுருங்கும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், கருப்பையின் உட்படலம் உதிர்ந்து மாதவிடாய் வரும்.

இவ்வளவு வேலை செய்யும் ஒன்றின் பெயரை ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்த்ததும், ஏதோ கட்டி என்று பயந்துவிடும் பெண்கள் உண்டு. அதனால்தான் 'மஞ்சட்சடலம்' எனக்கு அறவே ஒப்பவில்லை. உடம்பு என்பது அச்சொல்லின் பழைய பொருளாக இருக்கலாம். இன்று தமிழ்நாட்டில் சடலம் என்றால் பிணம். கர்ப்பிணியின் கையில் அந்தத் தாளைக் கொடுக்க முடியுமா? 'மஞ்சள் உடல்' என்றால் காமாலை நினைவுக்கு வரும். 'மஞ்சள் முடிச்சு' தாலிக்குப் போய்விடும். கரு என்று முடித்தால் முட்டையின் மஞ்சள் கரு.

என் பரிந்துரை மஞ்சட்கணு. நிணநீர்க்கணு ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், உடலுக்குள் இருக்கும் சிறு திரட்சி என்பது உடனே புரியும். கரும்பின் கணுவில் முளை கிளம்புவதுபோல, புதிதாக ஒன்று தொடங்கும் இடம் என்ற சாயலும் உண்டு. பிறகு இது சுருங்கி வெள்ளைத் தழும்பாகும்போது வெண்கணு. சோடி தானாகவே அமைகிறது. நீர் கோத்தால் மஞ்சட்கணு நீர்க்கட்டி.

முட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிடாய்வரையிலான லூட்டியல் கட்டத்துக்கு நம் குழுவில் அக்கா எழுதிய 'சுரப்புக் கட்டம்' வேண்டாம் என்பேன். அதே நாட்களில் கருப்பை உட்படலத்தில் நடப்பதற்கு அந்தப் பெயர் தேவைப்படுகிறது. சினைப்பையில் நடப்பது மஞ்சட்கணுக் கட்டம், உட்படலத்தில் நடப்பது சுரப்புக் கட்டம் என்று பிரித்துவிட்டால் மாணவர் குழம்ப மாட்டார்.

வெடித்த நுண்ணறையை மஞ்சட்கணுவாக மாற்றும் இயக்குநீரான எல்எச் (LH) மட்டும் பெயர் வைப்பதில் இடறுகிறது. 'மஞ்சட்கணுவாக்கும் இயக்குநீர்' சரியான பொருள் தருகிறது, ஆனால் வகுப்பில் சொல்ல நீளம். 'கணுவாக்கி' போதுமா? அக்கா, நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.