கல்யாணப் படங்களுக்கு எந்தக் கோப்பு மேலாளர்?

கேள்வி (பாளையங்கோட்டை, ஸ்டுடியோ):
இரண்டு கேமராக்களிலும் ஒரே பெயரில் படங்கள் வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்று பதிவாகிவிட்டால், தாலி கட்டும் படத்துக்கு எங்கே போவேன்? விண்டோஸ் கணினியில் இரண்டு கோப்புறைகளை அருகருகே திறந்து, மொத்தமாகப் பெயர் மாற்ற எது நல்லது?

பதில் (அம்பாசமுத்திரம்):
டோட்டல் கமாண்டர்தான் அண்ணாச்சி. 1993 முதல் இருக்கிறது. எஃப்5 நகலெடுக்கும், எஃப்6 இடம் மாற்றும். படங்களைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எம் அழுத்துங்கள். பெயர்மாற்றப் பெட்டி திறக்கும். பழைய பெயருக்கு முன்னால் ‘கேமரா2’ என்று சேர்த்தால், பழைய பெயரும் புதுப் பெயரும் வரிசையாகத் தெரியும். கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்கலாம். 30 நாள் சோதனை முடிந்தால் காசு கட்ட வேண்டும்.

பதில் (தென்காசி):
செலவில்லாமல் வேண்டுமென்றால் டபுள் கமாண்டர். கட்டற்ற மென்பொருள், எஃப்5, எஃப்6 அதிலும் அப்படியே. விண்டோஸ் 11 எக்ஸ்ப்ளோரரில் 2022இல் தாவல்கள் வந்தன, ஆனால் ஒரே ஜன்னலில் இரட்டைப் பலகம் (இரண்டு கோப்புறைகள் அருகருகே) கிடையாது.

கேட்டவர்:
டபுள் கமாண்டரையே நிறுவுகிறேன். நகல் முழுதாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் (தென்காசி):
கோப்புறை ஒத்திசைவில் ‘உள்ளடக்கப்படி’ ஒப்பிடுங்கள். அது முடியும்வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள் அண்ணாச்சி.