மறு: பகிர்பாதையா, கூட்டுப்பாதையா?

குழுவினருக்கு வணக்கம். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் சேர்த்துப் போட்ட பாதைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில் இது. ஆரணி ஐயா எழுதியது:

> நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் சேர்ந்து பயன்படுத்துவதால் 'கூட்டுப்பாதை' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, உங்கள் ஆரணிப் பக்கத்திலேயே இது எடுபடாதே! நம்ம வடாற்காட்டில் கூட்ரோடு என்றால் ரோடுகள் வந்து சேரும் இடம். பஸ்ஸில் ஏறி 'மாங்கால் கூட்ரோடு ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிற ஜனம் நாம். பலகையில் 'கூட்டுப்பாதை' என்று எழுதினால் எது எதோடு சேருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 'பொதுப்பாதை'யும் வேண்டாம், அது பத்திரத்துச் சொல், செக்குபந்தியில், அதாவது நாலு எல்லை சொல்லும் இடத்தில், 'பொதுப்பாதைக்குக் கிழக்கு' என்று வந்து வந்து தேய்ந்துபோனது, அதில் மாட்டுவண்டி, டிராக்டர் எல்லாம் போகும். இழையில் இன்னொருவர் சொன்ன 'நடைமிதிப் பாதை'யைப் படித்ததும் எனக்குக் கால்மிதிதான் ஞாபகம் வந்தது, எழுதியவர் மன்னிக்கவும்.

மிஞ்சுவது 'பகிர்பாதை'. வினைத்தொகை, வாயிலும் நன்றாக உட்காருகிறது (நடுவில் ப் போடாதீர்கள்). ஆனால் பகிர்வது என்றால் பங்கு போடுவதும்தானே. ஜெர்மனியில் இதற்கு இரண்டு பலகைகள் உண்டு. 240ஆம் எண் பலகையில் பெரியவரும் குழந்தையுமாக நடக்கும் படம் மேலே, சைக்கிள் கீழே, நடுவில் கிடைக்கோடு. பாதை முழுவதும் இருவருக்கும் சொந்தம். 241இல் கோடு செங்குத்து, ஆளுக்கொரு பக்கம். பிரித்ததைப் 'பகிர்பாதை' என்றும் பிரிக்காததைச் 'சேர்பாதை' என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

சரி, பாதையாவது பேசாமல் கிடக்கும். பின்னாலிருந்து வரும் சைக்கிள்காரர் முன்னால் நடப்பவரிடம் என்ன சொல்வது? அமெரிக்காவில் 'உங்கள் இடப்பக்கம்' என்று குரல் கொடுப்பார்கள், அங்கே வலது ஓரமாகப் போவதும் இடப்பக்கமாக முந்துவதும் வழக்கம். இந்த இழையில் ஒருவர் அதை அப்படியே 'இடப்பக்கம்!' என்று கொண்டுவந்திருக்கிறார். இடது ஓரமாகப் போகிற ஊரில் வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும், இந்தச் சொல்லை நம்பிக் கத்தினால் ரெண்டு பேரும் வேலிமேல்தான்.

மணியடித்தால் போதாதா என்கிறார்கள். போதாது. போன மாதம் ஒருநாள் காலை, வேலூர்க் கோட்டை அகழியோரம், முன்னால் மஃப்ளர் கட்டிய ஒரு பெரியவர். ரெண்டு தரம் மணியடித்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார், தலை திரும்பிய பக்கமே காலும் வந்தது, சரியாக என் சக்கரத்துக்கு முன்னால். பிரேக் பிடித்து விழுந்தது நான். முட்டியில் சிராய்ப்பு, செயின் கழன்றுவிட்டது. அவர்தான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "இன்னாப்பா, மணியடிச்சா நான் எந்தாண்ட நவுர்றது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் 'ஓரம், ஓரம்' என்பார்கள். எல்லாருக்கும் புரிகிற சொல்தான், ஆனால் அது நகரச் சொல்லும் கட்டளை. தலையில் பாரத்தோடு வருகிறவருக்கு அந்த உரிமை உண்டு, சீட்டில் உட்கார்ந்து வருகிற எனக்கு ஏது? 2022 ஜனவரியில் திருத்திய பிரிட்டன் சாலை விதிநூலின் 63ஆம் விதி, வேகத்தைக் குறை, மணியடித்தோ மரியாதையாகக் குரல் கொடுத்தோ நீ வருவதைத் தெரிவி, நடப்பவர் காது கேளாதவராகவோ பார்வையற்றவராகவோ இருக்கலாம் என்கிறது. தெரிவிப்பது வேறு, விரட்டுவது வேறு. அதனால் இந்தக் குரலுக்கு 'முந்துகுரல்' என்று பெயர் வைக்கிறேன். சொல்ல வேண்டியது 'வலப்பக்கமா வரேங்க'. அந்த 'ங்க' முக்கியம்.

— விருதம்பட்டிலிருந்து

தம்பி,

கூட்ரோட்டுக்குச் சரணாகதி. ஆனால் உன் 'சேர்பாதை' மட்டும் என்னவாம்? சேர்கின்ற பாதை என்று விரித்துப் பார், திரும்பவும் மாங்காலில்தான் போய் நிற்பாய்! 240க்குப் புதுச்சொல்லே வேண்டாம் என்கிறேன். 'நடைபாதை' என்று எழுதி, கீழே 'சைக்கிளும் வரலாம்' என்று போடு. வீடு யாருடையது, விருந்தாளி யார் என்பது படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். 'முந்துகுரல்' எனக்குச் சம்மதம். என் காதுக்கு 'வலப்பக்கமா' விழாது, 'வரேங்க' விழும், பரவாயில்லை, ஆள் வருகிறான் என்று தெரிந்தால் நான் நேராகவே நடப்பேன்.

— ஆரணி

ஐயா,

மாட்டிக்கொண்டேன். சேர்பாதையை வாபஸ் வாங்குகிறேன், பட்டியலில் 'நடைபாதை – சைக்கிளும் வரலாம்' என்றே போட்டுவிடுவோம்.

இன்று காலை அதே அகழியோரம், அதே மஃப்ளர். மணியைத் தொடவில்லை. வேகத்தைக் குறைத்து, நாலைந்து அடி இருக்கும்போது "வலப்பக்கமா வரேங்க" என்றேன். அவர் நகரவும் இல்லை, திரும்பவும் இல்லை. நடந்தபடியே கையைத் தூக்கி 'போ போ' என்று ஆட்டினார்.